வெடிவண்டின் வயிற்றுக்குள் ஒரு வால்வு

ஏப்ரலில் ஒரு கோடைமழை இரவில் பெய்து ஓய்ந்தால் போதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு கணவாய்க்கு மேற்கே ரப்பர் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் தூக்கம் போய்விடும். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கருவண்டுகள் ஓட்டு இடுக்கிலும் பரணிலும் சுவர் வெடிப்பிலும் கூட்டம் கூட்டமாக வந்து அடைகின்றன. கேரளத்தில் இதற்கு முப்ளி வண்டு என்று பெயர். திருச்சூர் மாவட்டத்து முப்ளியம் என்ற ஊரை ஒட்டி வந்த பெயர் அது. கோழிக்கோடு தேவகிரியில் உள்ள செயின்ட் ஜோசப் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே வீட்டுக்குள் 5 லட்சம் முதல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் வரை அடைவதாக எழுதியிருக்கிறார்கள். புனலூர்ப் பக்கம் பெண் கொடுத்த செங்கோட்டைக்காரர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு வியக்க மாட்டார்கள். படுக்கையில் புரளும்போது ஒன்று நசுங்கினால் தோல் எரியும், தடித்துப்போகும், நெடி மூக்கை விட்டுப் போகாது.

கணவாய்க்குக் கிழக்கே, செங்கோட்டை, பண்பொழிப் பக்கத்து நெல்வயல்களில் வேறொரு வண்டு இருக்கிறது. கூட்டமாக வீட்டுக்குள் வராது. பகலில் கல்லுக்கு அடியிலோ ஈரவரப்பின் பிளவிலோ ஒண்டிக்கொண்டு, இரவில் இரை தேடி ஓடும். கருத்த முதுகில் மஞ்சள் திட்டுகள், செம்மஞ்சள் தலை, நீண்ட கால்கள். ஃபெரோப்சோஃபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் காணப்படும் இனங்களில் ஒன்றுக்கு, உயிரினங்களுக்கு இருபெயர் முறையை வகுத்த லின்னேயஸே 1771இல் பெயர் சூட்டிவிட்டார். பிடிக்கப் போனால் ‘பட்’டென்று ஒரு சத்தம் கேட்கும், புகை போல ஏதோ கிளம்பும், விரல் சுடும். சற்று நேரத்தில் அந்த இடம் பழுப்பாகிவிடும். ஆங்கிலத்தில் பாம்பார்டியர் வண்டு என்று அழைக்கப்படும் வகை இது. இங்கே வெடிவண்டு என்றே சொல்லிக்கொள்வோம்.

தோலை எரிக்கும் பொருள் இரண்டு வண்டுகளிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது: குவினோன்கள். மலைக்கு மேற்கே இருப்பது அதைக் கசியவிடுகிறது. கிழக்கே இருப்பது அதையே கொதிக்கவைத்துப் பீய்ச்சுகிறது. வெடிவண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இரசாயனத்தைத்தான் பெரிதுபடுத்துகிறார்கள். என் பார்வையில் அந்த இரசாயனம் பூச்சி உலகத்தில் மலிவான சரக்கு. அபூர்வமாக இருப்பது, அதைக் கையாளும் குழாயும் தடுப்பும் அளவும்தான்.

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம். 1950களிலும் 60களிலும் ஹெர்மான் ஷில்ட்க்னெக்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்த வண்டின் சுரப்பியைப் பிரித்து ஆராய்ந்தார். வயிற்றின் பின்முனையில் இணையாக இரண்டு சுரப்பிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அறைகள். உள்ளே இருக்கும் பெரிய அறை ஒரு சேமிப்புப் பை. அதில் சுமார் 25 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் 10 விழுக்காடு ஹைட்ரோகுவினோன்களும் நீரில் கலந்தே கிடக்கின்றன. வெளியே இருக்கும் சிறிய அறையின் சுவர் தடித்தது. அங்கே காட்டலேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகள் காத்திருக்கின்றன.

இவற்றில் எதுவும் நமக்குப் புதிதல்ல. ஹைட்ரோகுவினோன், பழைய ஸ்டுடியோ இருட்டறைகளில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவிய மருந்து. முகத்தில் விழும் மங்குக்குத் தோல் மருத்துவர் எழுதித்தரும் களிம்பிலும் அது உண்டு. பெராக்சைடு, புண்ணில் ஊற்றினால் வெள்ளையாக நுரைக்கும் அதே திரவம். மருந்துக்கடையில் கிடைப்பது நீர்த்தது, வண்டிடம் இருப்பது பல மடங்கு செறிந்தது. புண்ணில் நுரைப்பதற்குக் காரணமே நம் இரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் காட்டலேஸ்தான். உயிரணுக்களில் இயல்பாக உண்டாகும் பெராக்சைடு சேதம் செய்யாமல் இருக்க, அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப் போடுவது அந்த நொதியின் அன்றாட வேலை. குவினோன்களும் அப்படியே. பூச்சிகளின் மேலோடு வெளுத்த மென்தோலாகத் தொடங்கிப் பிறகு இறுகிக் கருப்பதற்குக் குவினோன் வகை வேதிவினைதான் உதவுகிறது. ஆக, பட்டறைச் சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே பூச்சியின் உடம்பில் கிடந்தவை.

வண்டுக்கு ஆபத்து வந்தால் சேமிப்புப் பையைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. திரவம் சிறிய அறைக்குள் பாய்கிறது. காட்டலேஸ் பெராக்சைடை உடைக்கிறது. பெராக்சிடேஸ் ஹைட்ரோகுவினோனைக் குவினோனாக மாற்றுகிறது. வினையில் பிறக்கும் வெப்பம் திரவத்தைக் கொதிநிலைக்கு ஏற்றுகிறது. பிரிந்த ஆக்சிஜனும் நீராவியும் அதை வெளியே தள்ளுகின்றன. 1969இல் டேனியல் அனெஷான்ஸ்லியும் தாமஸ் ஐஸ்னரும் சகாக்களும் இந்த வெப்பத்தை அளந்தார்கள். பீய்ச்சலின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ். ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 0.2 கலோரி வெப்பம்; திரவத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஆவியாக்க அது போதும்.

பெர்லினில் பிறந்து, உருகுவேயில் வளர்ந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுவதும் பூச்சிகளின் இரசாயனப் பேச்சை ஒட்டுக்கேட்டவர் ஐஸ்னர். 2011இல் மறைந்தார். வெடிவண்டு குறித்து நமக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் அவர் கை பட்டது. அவருடைய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது செலவே இல்லாத ஒன்று. வண்டின் முதுகில் மெழுகால் ஒரு கம்பியை ஒட்டி, அதை ஒரு தாளின் மேல் நிற்கவைக்கிறார்கள். தாள் பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் கலந்த கரைசலில் நனைந்தது. குவினோன் பட்ட இடம் கறுக்கும். இப்போது இடுக்கியால் ஒரு காலை மெல்லக் கிள்ளவேண்டும். இடது முன்காலைக் கிள்ளினால் இடது முன்பக்கம் கறை; வலது பின்காலைக் கிள்ளினால் அந்தத் திசையில் கறை. வயிற்று நுனியைக் காலிடுக்கு வழியாக வளைத்தும், முதுகுக்கு மேலே தூக்கியும், எந்தத் திசைக்கும் வண்டு குறிவைக்கிறது. எறும்பு எந்தக் காலைக் கடிக்கிறதோ அந்தக் காலுக்கே சூடு விழுகிறது. தன் காலும் நனைகிறதே என்று வண்டு கவலைப்படுவதாகத் தெரியவில்லை. 1999இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பயன்பட்ட ஆப்பிரிக்க வண்டு, நம் வயல் வண்டுக்கு மிக நெருங்கிய உறவு.

கொதிக்கும் திரவத்தை உடலுக்குள்ளேயே தயாரிக்கும் வண்டு ஏன் வெந்துபோவதில்லை? கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பதிலின் முதல் பாதி 1990இல் கிடைத்தது. பீய்ச்சல் ஒரே தாரையாகக் காதுக்கும் கண்ணுக்கும் படுகிறது. உண்மையில் அது தாரையே அல்ல. ஐஸ்னரும் அனெஷான்ஸ்லியும் ஜெஃப்ரி டீனும், அதிவேகப் புகைப்படக்கலையின் முன்னோடியான எம்.ஐ.டி.யின் ஹெரால்ட் எட்ஜர்ட்டனோடு சேர்ந்து, கென்யாவிலிருந்து வந்த வண்டுகளைப் படமெடுத்தார்கள். திரவம் வினாடிக்குச் சுமார் 500 துடிப்புகளாக வெட்டுப்பட்டு வந்தது. ஒவ்வொரு துடிப்பும் தனித்தனிச் சிறு வெடிப்பு. சராசரி வேகம் வினாடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி லண்டன் மீது ஏவிய வி-1 பறக்கும் குண்டின் இயந்திரமும் இதே கொள்கையில்தான் துடித்தது என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள்.

துடிப்பாக வருவதால் வண்டுக்கு என்ன லாபம்? ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குளிர்ந்த புதுத் திரவம் அறைக்குள் வருகிறது. சுவர் தொடர்ந்து சூடேறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வினைபுரிவது துளியிலும் துளி. தேவையான போது நிறுத்தவும் முடிகிறது. மிச்சம் சேமிப்பில் இருக்கிறது. ஒரே வண்டால் இருபது முறைக்கு மேல் சுட முடிகிறது.

வினாடிக்கு 500 முறை திறந்து மூடுவது யார்? அந்த வேகத்துக்கு எந்த நரம்பும் தசையும் ஒவ்வொரு துடிப்பாகக் கட்டளை பெற்று இயங்கமுடியுமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2015இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எரிக் ஆர்ன்ட், கிறிஸ்டின் ஆர்ட்டிஸ் ஆகியோரும் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வெண்டி மூரும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் வா-கீட் லீயும், உயிருள்ள வண்டின் வயிற்றுக்குள் நடப்பதைச் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். இரண்டு அறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு வால்வும், அதை ஒட்டி நெகிழும் சவ்வும் இருக்கின்றன. வெடிப்பின் அழுத்தம் அந்தச் சவ்வைப் புடைக்கச்செய்து வழியை அடைக்கிறது. திரவம் வருவது நிற்கிறது. ஆவி வெளியேறி அழுத்தம் தணிந்ததும் சவ்வு பழைய நிலைக்குத் திரும்ப, வழி திறந்து அடுத்த துளி உள்ளே வருகிறது. கிணற்றில் இறக்கிய மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வை யாரும் கையால் மூடுவதில்லை. மேலிருந்து அழுத்தும் தண்ணீரே அதை மூடிவிடுகிறது. வண்டின் வால்வும் அந்தச் சாதிதான். தசையின் வேலை சேமிப்புப் பையை அமுக்கிப் பிடிப்பதோடு முடிந்தது. துடிப்பை வெடிப்பே பார்த்துக்கொள்கிறது.

இதை வாசித்த பிறகு, வெடிவண்டைப் பற்றிச் சுற்றும் ஒரு கதையைச் சரிபார்ப்பது எளிது. ஹைட்ரோகுவினோனும் பெராக்சைடும் தொட்டாலே வெடித்துவிடும், அவற்றைப் பிரித்துவைக்க வண்டிடம் தனித் தடுப்பு மருந்து இருக்கிறது, இவை அனைத்தும் ஒரே நாளில் ஒன்றாக உருவாகியிருந்தால்தான் வண்டு பிழைத்திருக்கும் என்பது கதை. 1970களில் அமெரிக்காவில் பரிணாமத்தை மறுத்தவர்களின் மேடைப்பேச்சிலும் நூல்களிலும் இது பரவியது. ஷில்ட்க்னெக்ட்டின் ஜெர்மன் கட்டுரையைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் வந்த வினை. எதிர்த்தரப்பு உயிரியலாளர்கள் செய்தது ஒன்றே ஒன்று: இரண்டையும் பொதுவில் கலந்து காட்டினார்கள். கலவை மெல்லப் பழுப்பானது. வெடிக்கவில்லை. வண்டின் சேமிப்புப் பையிலும் அவை ஒன்றாகவே கிடக்கின்றன என்பதை மேலே பார்த்தோம். விலக்கிவைக்கப்படுவது நொதி மட்டுமே.

தென்காசியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்குப் பணகுடிப் பக்கத்து மகேந்திரகிரி தெரிந்திருக்கும். இஸ்ரோவின் விகாஸ் ராக்கெட் இயந்திரத்தை அங்கே சோதிக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் எரிபொருளும், அதை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் சந்தித்த கணமே பற்றிக்கொள்ளும். அதனால் தனித்தனித் தொட்டி கட்டாயம். கதை சொன்னவர்கள் வண்டை விகாஸ் இயந்திரமாக நினைத்துக்கொண்டார்கள் போலும். வண்டின் ஏற்பாடு, பெராக்சைடை வினையூக்கியின் மேல் பாய்ச்சி நீராவி எடுத்த பழைய ராக்கெட் பம்புகளுக்கு நெருக்கமானது.

படிப்படியான நிலைகளும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. குவினோனை வெறுமனே கசியவிடும் வண்டுகள் ஏராளம்; முப்ளி வண்டு அதில் ஒன்று. அது வேறு குடும்பம், வெடிவண்டின் மூதாதை அல்ல. கசிவு மட்டுமே தற்காப்பாக நின்று பிடிக்கும் என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. கலிஃபோர்னியாவில் மெட்ரியஸ் என்றொரு வெடிவண்டு இருக்கிறது. மிகப் பழைய அமைப்புடையதாகக் கருதப்படுவது. ஐஸ்னர் குழு 2000இல் அதை அளந்தபோது வெப்பநிலை 55 டிகிரியைத் தாண்டவில்லை. நம் வண்டைப் போலக் குழாய்முனையைத் திருப்பிக் குறிவைக்க அதற்குத் தெரியாது. பின்பக்கம் தாக்கினால் திரவம் நுரைத்து உடலில் ஒட்டிக்கொள்ளும், முன்பக்கம் தாக்கினால் இறக்கை மூடியில் உள்ள பள்ளம் வழியாக முன்னே வழியும். எறும்புப் புற்றில் குடியிருக்கும் பௌசஸ் வகைகளுக்கோ பின்புறத்தில் வளைந்த விளிம்பு ஒன்று இருக்கிறது. திரவம் அந்த வளைவை ஒட்டிச் சென்று முன்பக்கம் திரும்புகிறது. வளைபரப்பை ஒட்டிப் பாயும் இந்த இயல்பை விமானப் பொறியாளர்கள் கோவாண்டா விளைவு என்று அறிவார்கள்.

எதிரிகளின் கதைக்கு வருவோம். ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் ஷின்ஜி சுகியுராவும் தக்குயா சாத்தோவும் தேரைகளுக்கு அந்நாட்டு ஃபெரோப்சோஃபஸ் வண்டுகளைக் கொடுத்தார்கள். தேரைகள் விழுங்கின. விழுங்கிய பிறகு வயிற்றுக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டது. 2018இல் வெளியான முடிவு: 43 விழுக்காடு தேரைகள் 12 முதல் 107 நிமிடங்களுக்குள் வண்டை வாந்தியெடுத்தன. வெளியே விழுந்த வண்டுகள் சளியில் புரண்டிருந்தாலும் அனைத்தும் உயிரோடு இருந்தன. முன்கூட்டியே சீண்டிச் சீண்டிச் சரக்கைத் தீர்த்துவிட்ட வண்டுகளோ அநேகமாக எல்லாமே செரித்துப்போயின. பெரிய வண்டு, சிறிய தேரை என்றால் தப்பும் வாய்ப்பு கூடுதல். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு பிராணியின் இரைப்பைக்குள் கிடந்துவிட்டு நடந்து வெளியேறுவதற்கு, வெடி மட்டும் போதாது. செரிமான நீரைத் தாங்கும் உடம்பும் வேண்டும்.

சிலந்திகளிடம் கதை வேறு. ஐஸ்னரும் டீனும் 1976இல் இரண்டு வகைச் சிலந்திகளின் வலையில் வெடிவண்டை விட்டுப் பார்த்தார்கள். நெஃபிலா முதலில் கடிக்கும், பிறகு சுற்றும். கடித்ததும் சூடு வாங்கிப் பின்வாங்கியது. வண்டு அந்த இடைவெளியில் தப்பியது. ஆர்ஜியோப்பி முதலில் நூலால் பக்குவமாகச் சுற்றிவிடும், பிறகே கடிக்கும். இறுக்கிப் பிடித்துக் கிள்ளாதவரை வண்டு சுடுவதில்லை. சுடத் தொடங்கும்போது நூல் பொதிக்குள் இருக்கிறது, பீய்ச்சல் எதிரியைச் சேர்வதில்லை. சோதனை நடந்தது அமெரிக்க இனங்களில். இரண்டு பேரினங்களுமே நம் பக்கம் உண்டு: வேலியோரத்தில் பெருக்கல் குறி போலக் கால்களை விரித்து உட்கார்ந்திருப்பது ஆர்ஜியோப்பி, செந்துருணிக் காட்டுப் பாதையில் முகத்தில் ஒட்டும் மஞ்சள் வலை நெஃபிலாவுடையது.

பொறியியல் உலகம் இந்த வண்டைக் கண்டு நிறைய வாக்குறுதி அளித்திருக்கிறது. எரிபொருள் தெளிப்பான், தீயணைப்பான், ஆஸ்துமா மருந்துத் தெளிப்பான் என்று பட்டியல் நீளம். அவற்றில் எனக்கு நேர்மையாகப்பட்டது, சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் வெண்டலின் ஸ்டார்க் குழு 2014இல் செய்த படலம். தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட இரண்டு அடுக்கு. ஒன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு, மற்றதில் மாங்கனீசு டைஆக்சைடு. ஏ.டி.எம். இயந்திரத்தை உடைக்க முயன்றால் நடுத்தடுப்பு கிழிந்து, 80 டிகிரிச் சூட்டில் நுரை பொங்கும். நொதிக்குப் பதில் மாங்கனீசு. மற்றதெல்லாம் வண்டின் ஏற்பாடுதான். வால்வை மட்டும் அவர்கள் நகலெடுக்கவில்லை. எனவே அந்தப் படலம் ஒரே ஒருமுறை பொங்கும். வண்டு மறுபடி மறுபடி சுடும்.

கையில் பட்டால் என்ன செய்வது? உடனே தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எரிச்சல் சீக்கிரம் அடங்கும். பழுப்புக் கறை தோலின் மேலடுக்கு உதிரும்வரை சில நாள் நிற்கும். கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை. நிறையத் தண்ணீரால் அலம்பிவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் விளக்கடிக்கு வரும், எறும்பு போல மெலிந்த செம்மஞ்சள்-கறுப்புப் பூச்சி ஒன்றால் கழுத்திலும் கன்னத்திலும் கோடு போட்டாற்போலக் கொப்புளம் வரும்; அதையும் வெடிவண்டின் கணக்கில் எழுதுகிறார்கள். அது பெடரஸ். எதையும் பீய்ச்சாது. நசுக்கினால் மட்டும் அதன் உடல் நீரிலுள்ள பெடரின் தோலைப் புண்ணாக்கும். எரிச்சலும் அப்போதே தெரியாது, மறுநாள்தான் தலைகாட்டும். அந்த நஞ்சை உண்டாக்குவதும் பூச்சி அல்ல, அதற்குள் வாழும் பாக்டீரியா.

வெடிவண்டைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் காட்டுக்குப் போகவேண்டியதில்லை; நாற்றங்கால் போதும். நாற்றின் வேரைக் கடித்துப் பாழாக்கும் பிள்ளைப்பூச்சியை விவசாயிகள் அறிவார்கள். அது மண்ணுக்குள் அறை தோண்டி முட்டையிடும். ஜப்பானிய ஃபெரோப்சோஃபஸ் இனத்தின் புழு இந்த முட்டைகளைத் தின்றே வளர்கிறது. அமெரிக்க இனமொன்றின் புழுவும் அப்படியே. ஃபுளோரிடாவில் புல்வெளிகளை நாசமாக்கும் பிள்ளைப்பூச்சிக்கு எதிராக அதை ஏவலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள். கார் பருவத்துச் சாரலில், நாற்றங்கால் வரப்போரம் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், மஞ்சள் திட்டுக் கருவண்டு தட்டுப்படலாம். விரலால் எடுக்காமல் ஒரு குச்சியால் காலைத் தொட்டுப் பாருங்கள். எந்தக் காலைத் தொட்டீர்களோ அந்தப் பக்கம் முகத்தை நீட்டாதீர்கள்.